ஐந்து மைலுக்கு எட்டு கிலோமீட்டர்: வாசகர் கேள்வி – பதில்

மைலையும் கிலோமீட்டரையும் மாற்றும் கணக்கைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று கேட்டு வந்த கடிதங்களில் சில இங்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் மகள் இங்கே ஆறாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் மைல், கிலோமீட்டர் மாற்றும் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். 1.6 என்பதை மனப்பாடமாக வைத்திருக்கிறாள். ஆனால் எப்போது பெருக்குவது, எப்போது வகுப்பது என்று ஒவ்வொரு தடவையும் தடுமாறுகிறாள். போன வாரம் 40 கிலோமீட்டரை 64 மைல் என்று எழுதிவிட்டு வந்தாள். எங்கே பிழை?
– ஒரு தாய், ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: 1.6 கொஞ்சம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. இங்கிலாந்துப் பாடத்திட்டத்தில் இந்தக் கணக்கு ஆறாம் ஆண்டுக்கு உரியதுதான். அந்த வயதில் பெருக்கவும் தெரியும், வகுக்கவும் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: விடை பெரிய எண்ணாக வருமா, சின்ன எண்ணாக வருமா? அது தெரியாத பிள்ளை கையில் 1.6ஐக் கொடுத்தால் காசைச் சுண்டிப் போட்டுத்தான் பெருக்கும் அல்லது வகுக்கும்.

முதல் நாள் எண்ணே வேண்டாம். பூங்காவில் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரம் வரை நீங்கள் தப்படி எண்ணி நடங்கள். அதே தூரத்தை மகளும் நடக்கட்டும். உங்களுக்கு 20 வந்த இடத்தில் அவளுக்கு 26, 27 வரும். தூரம் மாறவில்லை, அளந்த கால்தான் மாறியது. நீளக் காலுக்குக் குறைந்த எண்ணிக்கை, குட்டைக் காலுக்குக் கூடுதல் எண்ணிக்கை. மைல் நீளக் கால், கிலோமீட்டர் குட்டைக் கால். (மைல் என்ற சொல்லே ரோமானியரின் ‘ஆயிரம் தப்படி’யிலிருந்து வந்ததுதான். இடக்கால் பதிந்த இடத்திலிருந்து மறுபடி இடக்கால் பதியும் இடம்வரை அவர்களுக்கு ஒரு தப்படி.)

அடுத்து ஒரு பழக்கம். எந்தக் கணக்கானாலும் பென்சில் முதலில் ஓர் அம்புக்குறி போட வேண்டும். மைலிலிருந்து கிலோமீட்டருக்கு என்றால் மேல்நோக்கி, அதாவது எண் ஏறும். கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு என்றால் கீழ்நோக்கி, எண் இறங்கும். 40க்குப் பக்கத்தில் கீழ் அம்பைப் போட்டுவிட்ட பிள்ளை 64 என்று எழுதினாலும் அடுத்த நொடியே தானாக அழிக்கும்.

பிறகு ஒரு பட்டை செய்யுங்கள். சார்ட் தாளில் 45 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, நீளவாக்கில் நடுவே ஒரு கோடு இழுங்கள். இடது ஓரத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி 0. கோட்டுக்கு மேலே 8 செ.மீ.க்கு ஒரு குறி வைத்து 1 முதல் 5 வரை மைல். கோட்டுக்குக் கீழே 5 செ.மீ.க்கு ஒரு குறி வைத்து 1 முதல் 8 வரை கிலோமீட்டர். 40 செ.மீ.யில் மேலே 5, கீழே 8, இரண்டும் நேருக்கு நேர் வந்து நிற்கும். நிற்கவில்லை என்றால் குறிகளை ஒன்றிலிருந்து ஒன்றாக நகர்த்தி நகர்த்தி வைத்திருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிமீட்டர் சேர்ந்துகொண்டே போகும். தையல் டேப்பை ஒருமுறை விரித்து வைத்து 8, 16, 24, 32, 40 என்று மொத்தமாகக் குறியுங்கள். பள்ளி ஸ்கேல் 30 செ.மீ.தான், போதாது.

இந்தப் பட்டையில் மூன்று மைலுக்கு நேர் கீழே பார்த்தால் 5 கிலோமீட்டருக்குச் சற்று முன்னால். இரண்டு மைல், 3 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டி. நாலு மைல், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். நாலைந்து நாள் பெருக்கலே இல்லாமல் இப்படி வாசிக்க மட்டும் விடுங்கள். எல்லா எண்ணுக்கும் பின்னால் ஒரு சுழியம் சேர்த்தால் அதே பட்டை 50 மைல், 80 கிலோமீட்டர் வரைக்கும் உதவும்.

இதற்குப் பிறகுதான் கணக்கு, அதுவும் கட்டுக்கட்டாக. 40 கிலோமீட்டருக்குள் எட்டு எத்தனை தடவை? ஐந்து. ஒவ்வோர் எட்டுக்கும் 5 மைல். ஐயைந்து 25 மைல். 30 மைலுக்குள் ஐந்து ஆறு தடவை, ஆறெட்டு 48 கிலோமீட்டர். 5, 8 இரண்டும் கைக்கு வந்தபின் ஒருநாள், 8ஐ 5ஆல் வகுத்தால் என்ன என்று கேளுங்கள். 1.6 அப்போது அவளே கண்டுபிடித்த எண்ணாக வரும். தேர்வில் மட்டும் ஓர் எச்சரிக்கை: கேள்விக்குள்ளேயே ஒரு விகிதம் கொடுத்திருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். தனக்குத் தெரிந்த வேறு எண்ணைப் போட்டால் விடை கொஞ்சம் தள்ளிப் போய்விடும்.

கேள்வி: 5 மைல் = 8 கி.மீ. என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். 10 மைலுக்கு எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பேர் 13 என்கிறார்கள். கவனக்குறைவா, வேறு ஏதாவதா?
– ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: கவனக்குறைவு இல்லை. 5க்கும் 8க்கும் நடுவில் அவர்கள் பார்ப்பது ‘மூன்று கூட’ என்பதை. எத்தனை மடங்கு என்று பார்க்கப் பழகாத பிள்ளை வித்தியாசத்தைப் பார்க்கும். விகிதக் கணக்கு தொடங்கும் எல்லா வகுப்பிலும் இது வரும்.

“தப்பு, பெருக்கணும்” என்று திருத்தினால் அந்த ஒரு கணக்கு சரியாகும், எண்ணம் அப்படியே இருக்கும். அவர்கள் சொல்வதை அவர்களையே முடிவுவரை கொண்டுபோக விடுங்கள். 0 மைலுக்கு எவ்வளவு? மூன்று கூட்டினால் 3 கிலோமீட்டர். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே மூன்று கிலோமீட்டர் போயாகிவிட்டது. வகுப்பு சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, இட்லி மாவு. ஒரு டம்ளர் உளுந்துக்கு நாலு டம்ளர் அரிசி. இங்கேயும் வித்தியாசம் அதே மூன்றுதான். இரண்டு டம்ளர் உளுந்து போட்டால் அரிசி ஐந்தா, எட்டா? ஐந்து என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. இட்லிக்குத் தெரிந்தது மைலுக்கு மட்டும் ஏன் மறந்துபோச்சு என்று அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு எண் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 6 மைல் கேட்டால் கூட்டிப் பார்க்கிற பிள்ளை 9 என்னும். சரியான விடை 9.6. “ஏறக்குறைய” என்று இருவரும் விட்டுவிடுவோம். 4 மைலுக்கு 7 என்னும், சரியானது 6.4. ஐந்தை ஒட்டிய எண்களில் இந்தத் தவறு ஒளிந்துகொள்ளும். 50 மைல், 100 மைல் என்று கேளுங்கள். 53, 103 என்று வந்தால் உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சாலைக் கற்கள் எல்லாமே கிலோமீட்டரில்தான். மைல் எவ்வளவு தூரம் என்று பையனுக்கு எப்படிக் காட்டுவது?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: பையன் கிரிக்கெட் ஆடுவானா? ஆடினால் மைலை அவன் தினமும் மிதித்துக்கொண்டிருக்கிறான். பிட்ச்சின் நீளம், ஸ்டம்பிலிருந்து ஸ்டம்ப் வரை, 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். அப்படி 80 பிட்ச் சேர்ந்தால் மிகச் சரியாக ஒரு மைல். ஒரு கிலோமீட்டருக்கு 49.7 பிட்ச். ஐம்பது என்று வைத்துக்கொள்ளலாம். 80க்கு 50, அதாவது எட்டுக்கு ஐந்து. மைதானத்தில் 5 மைல் 8 கிலோமீட்டர் தானாக வந்துவிட்டது.

80 என்று முழுசாக வருவதற்குக் காரணம் உண்டு. 22 கஜம் என்பது நில அளவைச் சங்கிலியின் நீளம். 1620ஆம் ஆண்டையொட்டி எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் வகுத்த, 100 கண்ணி கொண்ட 66 அடிச் சங்கிலி. பத்துச் சங்கிலி ஒரு பர்லாங், எட்டுப் பர்லாங் ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதனால்தான் ஏக்கர் 43,560 சதுர அடி என்றும் செண்ட் 435.6 சதுர அடி என்றும் முழுசாக நிற்காத எண்ணில் வந்து நிற்கிறது.

காலால் உணர்த்த வேண்டுமென்றால், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணமாக நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கு 12 நிமிடம், ஒரு மைலுக்கு 19 நிமிடம் சொச்சம். 400 மீட்டர் ஓடுதளம் பக்கத்தில் இருந்தால் நாலு சுற்று முடித்து இன்னும் 9 மீட்டர் 34 சென்டிமீட்டர் போனால் மைல். அந்த ஒன்பது மீட்டரைச் சுண்ணாம்பில் கோடு போட்டுக் காட்டுங்கள். 1.6க்கும் உண்மையான மைலுக்கும் உள்ள இடைவெளி அதுதான்.

கேள்வி: தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்றில் ‘2 மைல் 3 பர்லாங்’ என்று இருக்கிறது. ஏழாம் வகுப்பு மகன் 2.3 மைல் என்று போட்டு மாற்றுகிறான். சரியா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: சரியில்லை. பர்லாங் மைலில் பத்தில் ஒன்று இல்லை, எட்டில் ஒன்று. 3 பர்லாங் 0.375 மைல். ஆக 2.375 மைல். புள்ளிக்குப் பின்னால் எதைப் போட்டாலும் அது பத்தில் பங்குதான் என்பது பையனுக்கு இங்கே நன்றாகப் பதியும்.

இதைவிடச் சுருக்கமான வழியும் உண்டு. எல்லாவற்றையும் பர்லாங்காக்கிவிடுங்கள். இரண்டெட்டு 16, கூட 3, மொத்தம் 19 பர்லாங். ஒரு பர்லாங் 201 மீட்டர். ஐந்து பர்லாங் சேர்ந்தால் 1,006 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். 19ஐ 5ஆல் வகுத்தால் 3.8 கிலோமீட்டர். துல்லியமாகக் கணக்கிட்டால் 3.82. மைலுக்கு எட்டுப் பர்லாங், கிலோமீட்டருக்கு ஐந்து பர்லாங். எட்டுக்கு ஐந்து என்ற விகிதத்தை இதைவிட எளிதாகக் காட்டும் அளவு வேறொன்று இல்லை. பர்லாங் வழக்கொழிந்ததில் கணக்கு ஆசிரியர்களுக்குத்தான் நஷ்டம்.

5,280 அடி என்ற விசித்திரமான எண்ணும் பர்லாங்கால் வந்ததுதான். நிலமெல்லாம் பர்லாங்கில் அளக்கப்பட்டிருந்ததால் அதைத் தொடாமல், மைலை எட்டுப் பர்லாங்குக்கு நீட்டி 1593இல் இங்கிலாந்து சட்டம் போட்டது.

கேள்வி: பிபோனச்சி எண்களை வைத்து மைலைக் கிலோமீட்டராக்கலாம் என்று மகள் ஒரு காணொளியில் பார்த்திருக்கிறாள். உண்மையா? பள்ளியில் அப்படிப் போடலாமா?
– கோவை வாசகி

பதில்: உண்மைதான். 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89 என்று, முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை அது. அதில் ஓர் எண்ணை மைலாக எடுத்தால் அடுத்த எண் கிலோமீட்டர். 13 மைலுக்கு 21 கி.மீ. (சரியானது 20.9). 34 மைலுக்கு 55 (54.7). திரும்பி வருவதும் அப்படியே: 89 கி.மீ.க்கு முந்தைய எண்ணான 55 மைல்.

இதில் இயற்கையின் மர்மம் எதுவும் இல்லை. அடுத்தடுத்த எண்களின் விகிதம் போகப் போக 1.618ஐ நெருங்குகிறது. மைல் 1.609 கிலோமீட்டர். இரண்டும் பக்கத்தில் இருப்பது தற்செயல். நூறு மைலில் 1.6 என்ற கணக்கு 930 மீட்டர் குறைத்துக் காட்டும், பிபோனச்சி 870 மீட்டர் கூட்டிக் காட்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

வரிசையில் இல்லாத எண் வந்தால் உடைக்க வேண்டும். 100 கிலோமீட்டரை 89, 8, 3 என்று உடைத்தால் 55, 5, 2. கூட்டினால் 62 மைல். சரியான விடையும் 62.1தான். கூட்டல் பழக இது நல்ல விளையாட்டு. ஆனால் வரிசையின் தொடக்கத்தில் கால் வைக்க வேண்டாம். 1 மைலுக்கு 2 கி.மீ. என்றாகிவிடும். 2க்கு 3 என்பதும் கொஞ்சம் தள்ளியே இருக்கிறது. 3இலிருந்துகூடச் சுமார்தான், 5இலிருந்து நம்பலாம்.

பள்ளித் தேர்வில் வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு, அங்கே விகிதத்தையே போடட்டும். இன்னொன்றையும் அவளிடம் சொல்லுங்கள்: பிபோனச்சி 1202இல் தன் நூலில் எழுதுவதற்கு முன்பே, செய்யுளில் குறிலையும் நெடிலையும் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணிப் பார்த்த இந்திய யாப்பு அறிஞர்கள் இதே வரிசையைக் கண்டிருந்தார்கள். 12ஆம் நூற்றாண்டின் ஹேமச்சந்திரர் அவர்களில் ஒருவர்.

கேள்வி: டொரண்டோவிலிருந்து பஃபலோ பக்கம் காரில் போனால், எல்லை தாண்டியதும் வேகப் பலகை மைலுக்கு மாறிவிடுகிறது. பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனக்கணக்காகச் சொல்லித் தர ஒரு வழி?
– ஸ்கார்பரோ வாசகர்

பதில்: மைலிலிருந்து கிலோமீட்டருக்கு: எண், அதில் பாதி, அதில் பத்தில் ஒன்று, மூன்றையும் கூட்டுங்கள். 65க்கு 65, 32½, 6½, மொத்தம் 104. சரியானது 104.6.

திரும்பி வருவதில்தான் பெரியவர்களும் சறுக்குகிறார்கள். பாதியும் பத்தில் ஒன்றும் போதும், அதாவது 0.6 என்பார்கள். 100 கிலோமீட்டர் 60 மைல் ஆகும். அந்த 60 மைலை மறுபடி 1.6ஆல் பெருக்கினால் 96. நாலு கிலோமீட்டர் எங்கே போயிற்று? பிள்ளைகளிடம் இதைப் புதிராகவே கேளுங்கள். 1.6க்குத் தலைகீழ் 0.6 இல்லை, 0.625, அதாவது எட்டில் ஐந்து. ஆகவே பாதியோடு எட்டில் ஒன்றைக் கூட்ட வேண்டும். எட்டில் ஒன்று என்றால் மூன்று தடவை பாதியாக்குவது. 104இல் பாதி 52. அதில் பாதி 26, அதில் பாதி 13. 52ம் 13ம் 65. புறப்பட்ட எண்ணுக்கே திரும்பிவிட்டோம்.

மனக்கணக்கு பின் இருக்கைக்கு மட்டும். ஓட்டுகிறவர் வேகமானியின் மைல் வட்டத்தைப் பார்த்தே ஓட்ட வேண்டும். முள் காட்டும் கார்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக இரண்டு வட்டம் இருக்கும், திரையில் எண் மட்டும் காட்டும் கார்களில் அமைப்பில் போய் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மகன் காலையில் ஓடுகிறான். செயலியில் ‘கிலோமீட்டருக்கு 6 நிமிடம்’ என்று காட்டுகிறது. மைலுக்கு எவ்வளவு என்று 1.6ஆல் வகுத்து 3 நிமிடம் 45 விநாடி என்கிறான். எனக்கு நம்பிக்கை இல்லை.
– சென்னை வாசகி

பதில்: நம்பாதீர்கள். 1999இல் ரோமில் ஹிஷாம் எல் கெரூஜ் ஓடிய மைல் உலக சாதனை 3 நிமிடம் 43.13 விநாடி. உங்கள் மகன் அதற்கு இரண்டு விநாடிதான் பின்தங்கியிருக்கிறார்!

தூரத்தை மாற்றும்போது கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு எண் இறங்கும். இங்கே மாற்றுவது தூரத்தை இல்லை, அந்தத் தூரத்தைக் கடக்க ஆகும் நேரத்தை. மைல் நீளம், அதிக நேரம் பிடிக்கும், எண் ஏற வேண்டும். 6ஐ 1.609ஆல் பெருக்கினால் 9.65 நிமிடம். அடுத்த பள்ளம் இங்கே இருக்கிறது: அது 9 நிமிடம் 65 விநாடி இல்லை. 0.65ஐ 60ஆல் பெருக்கினால் 39. ஆக 9 நிமிடம் 39 விநாடி. எண் ஏறுமா இறங்குமா என்று அம்புக்குறி போடும் பழக்கம் பெரிய பிள்ளைகளுக்கும் தேவைப்படுவது இங்கேதான்.

கேள்வி: 1.6, 1.61, 1.609 என்று ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொன்று. எதைச் சொல்லித் தருவது?
– ஒரு தந்தை, மதுரை

பதில்: துல்லியமான எண் 1.609344. அமெரிக்கா, பிரிட்டன், கனடா உள்ளிட்ட ஆறு நாடுகள் 1959இல் ஒரு கஜம் 0.9144 மீட்டர் என்று ஒப்புக்கொண்டதிலிருந்து அது மாறவில்லை. 1,760 கஜத்தை அதனால் பெருக்கினால் 1,609.344 மீட்டர்.

எதைப் போடுவது என்பது கேள்வி எவ்வளவு துல்லியமானது என்பதைப் பொறுத்தது. ‘ஊர் 7 மைல் இருக்கும்’ என்று யாரோ சொன்ன தூரத்தை 11.265408 கிலோமீட்டர் என்று எழுதுவது அபத்தம். அதில் கடைசி இலக்கம் மில்லிமீட்டரைக் காட்டுகிறது. 11 கிலோமீட்டர் போதும். மாறாக, கிரிக்கெட் பந்துவீச்சில் 100 மைல் வேகம் என்பது ஒரு எல்லைக்கோடு. 1.6 போட்டால் 160 கிலோமீட்டரில் அதைத் தொட்டுவிட்டதாகத் தோன்றும். உண்மையில் 160 என்பது 99.4 மைல்தான், எல்லை 160.9இல் இருக்கிறது. 2003 உலகக் கோப்பையில் சோயப் அக்தர் இங்கிலாந்துக்கு எதிராக வீசிய 161.3 கிலோமீட்டர் பந்து அதனால்தான் 100.2 மைல்.

மாரத்தான் இன்னும் நல்ல பயிற்சி. 26 மைல் 385 கஜத்தைத் துல்லியமான எண்ணால் மாற்றச் சொல்லுங்கள். 42,194.988 மீட்டர் வரும். உலகம் 42.195 கிலோமீட்டர் என்று எழுதுவதற்கு 12 மில்லிமீட்டர் குறைவு.

கேள்வி: எங்கள் பக்கம் இன்னும் ‘ஆறாம் கட்டை’, ‘பத்தாம் கட்டை’ என்றுதான் இடத்தைச் சொல்வோம். பேரன் கிலோமீட்டர்க் கல்லைப் பார்த்துவிட்டு, எண் ஒத்து வரவில்லையே என்கிறான்.
– திருகோணமலை வாசகர்

பதில்: ஒத்து வராது. கட்டை என்பது மைல் கட்டை. ஆறாம் கட்டை நின்ற இடம் தொடக்கத்திலிருந்து 9.66 கிலோமீட்டர், பத்தாம் கட்டை 16.1. அதற்குப் பிறகும் சில நூறு மீட்டர் பிசகினால், புதிய கற்களை வேறோர் இடத்திலிருந்து எண்ணியிருக்கலாம், அல்லது வளைவை நிமிர்த்திச் சாலையைக் குறுக்கியிருக்கலாம். பேரனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, உங்களுக்குத் தெரிந்த கட்டைப் பெயர்களை வரிசையாக எழுதி எதிரே கிலோமீட்டரைப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். 1.6ஆல் வகுத்து 41,000 சதுர மைல் என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார்.
– ஒரு மாணவி, வவுனியா

பதில்: நீளத்தை மட்டும் மாற்றிவிட்டு அகலத்தை மறந்துவிட்டீர்கள். கட்டம் போட்ட தாளில் பக்கத்துக்கு 8 கட்டமாக ஒரு சதுரம் வரையுங்கள். ஒரு கட்டத்தை ஒரு கிலோமீட்டர் என்று கொண்டால் உள்ளே 64 சதுர கிலோமீட்டர். அதே சதுரம் மைலில் பக்கத்துக்கு 5, ஆக 25 சதுர மைல். 64ஐ 25ஆல் வகுத்தால் 2.56. துல்லியமாக 2.59. 65,610ஐ அதனால் வகுத்துப் பாருங்கள், சுமார் 25,330 சதுர மைல் வரும்.

கேள்வி: வானிலை அறிவிப்பிலும் மீனவர் செய்தியிலும் வரும் கடல் மைலும் இதே மைல்தானா?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: இல்லை. கடல் மைல் 1,852 மீட்டர். நிலத்து மைலைவிட ஏறக்குறைய 243 மீட்டர் நீளம். பூமியின் அட்சரேகையில் ஒரு பாகையை 60ஆகப் பிரித்தால் வரும் ஒரு பங்கிலிருந்து பிறந்த அளவு அது. எனவே 5க்கு 8 இங்கே செல்லாது. இரண்டால் பெருக்கி, முதல் எண்ணில் நூற்றுக்குப் பதினைந்தைக் கழியுங்கள். இந்தியாவின் கடல் எல்லை 12 கடல் மைல்: 24இலிருந்து 1.8 போக 22.2 கிலோமீட்டர். பொருளாதார மண்டலம் 200 கடல் மைல்: 400இலிருந்து 30 போக 370. வேகத்துக்குச் சொல்லும் ‘நாட்’ என்பதும் மணிக்கு ஒரு கடல் மைல்தான். 40 நாட் காற்று என்றால் 80இலிருந்து 6 போக, மணிக்கு 74 கிலோமீட்டர்.